மாற்றி வைத்த மூன்று எலிகள்

மகளே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாய். இன்று சனிக்கிழமை. இந்த ஆறு நாளும் குக்கர் வைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் கடிதத்தைப் பார்ப்பது போல மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவாய். அதனால் தமிழில் எழுதுகிறேன். புனேயில் பிறந்து வளர்ந்த உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரமாகும். ஆகட்டும். இவ்வளவு அவசரமாக ஒரு காரியத்தைச் செய்திருக்கிறாயே, இதையாவது நிதானமாகப் படி. இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. இதை இன்றே ஆள் மூலம் உன் வீட்டுக்கு அனுப்புகிறேன், ஒரு பிரதியை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். வேறு யார் கேட்டாலும் கொடுப்பேன்.

நடந்ததை நீ "சின்ன விஷயம்" என்று சொன்னாய். எவ்வளவு சின்னது என்று பார்ப்போம். அன்று உன் வாகட் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாய். ஒரு கையில் பேடா டப்பா, இன்னொரு கையில் தடியான ஒரு ஃபைல். மருந்து கம்பெனிகளுக்காக நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்துக் கொடுக்கிற உன் ஆபீஸில், உன்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது என்றாய். வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கிற ஒரு பழைய மருந்தை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். "முதல் ரெஃபரென்ஸ் யாருன்னு பாரு அம்மா" என்று ஃபைலை என் மடியில் வைத்தாய். என் பெயர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பிஹெச்.டி.க்காக எலிகளிடம் செய்து, பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரை. யாரும் சீந்தாமல் கிடந்த ஒன்று. பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பேடாவைக்கூட வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் பக்கங்களைப் புரட்டினேன். என் ஆய்வக நோட்டின் நகல்கள் இருந்தன. போன மாசம் "சும்மா ஞாபகத்துக்கு" என்று நீ கேட்டு வாங்கிப் போன நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரம் வெள்ளையாக இருந்தது. நான் ஓரத்தில் எழுதாத பக்கமே கிடையாது. காகிதப் பட்டையை வைத்து மறைத்து நகல் எடுத்திருக்கிறாய். பட்டையின் விளிம்பு கோடாக விழுந்திருந்தது, அதைக்கூட நீ கவனிக்கவில்லை.

"ஓரத்துல இருந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"அது ரஃப் நோட்ஸ்தானே அம்மா. தமிழ்ல இருக்கு. யாருக்குப் புரியப் போகுது?"

"உனக்குப் புரிஞ்சுதா?"

நீ பேடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாய். "கொஞ்சம். எழுத்துக்கூட்டிப் படிச்சேன்."

"படிச்சுட்டா மறைச்சே?"

"அரே அம்மா, அது எலிம்மா! மனுஷங்க எத்தனை வருஷமா சாப்பிடற மருந்து. ஸ்கூல் பசங்களுக்கே குடுக்கறாங்க. சேஃப்னு தெரிஞ்சதுனாலதானே பழைய மருந்தா எடுக்கறோம்? நீ எதையாவது பேசி என் வேலைக்கு உலை வைக்காதே, ப்ளீஸ்."

சேஃப். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நான் கத்தினேன். இப்போது கத்தாமல் எழுதுகிறேன், கேள். பூச்சி மருந்தை ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை விழுங்குகிறது. புழு குடலில் இருக்கிறது. மருந்தும் குடல் வழியாக இறங்கிப் போய்விட்டால் காரியம் முடிந்தது. அதே மருந்து விரல் மூட்டில் போய் அழற்சியைத் தணிக்க வேண்டுமானால் ரத்தத்தில் ஏற வேண்டும். ஏற வேண்டுமானால் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். கூட்டியதைத் தினமும் கொடுக்க வேண்டும், மாசக்கணக்கில். ஒரு நாள் விழுங்கியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆறு மாசம் விழுங்குகிறவளுக்கும் ஒன்றும் ஆகாது என்று உனக்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இருபது வருஷம் பார்மசி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். என் வயிற்றில் பிறந்தவள் என் எதிரிலேயே உட்கார்ந்து இப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்?

பழைய மருந்தில் புதுப் பலன் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. அதை நம்பித்தான் நானும் அந்த வேலையில் இறங்கினேன். புதிதாக ஒரு மருந்தை உண்டாக்குகிற வசதி எங்கள் கல்லூரிக்குக் கனவில்கூடக் கிடையாது. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைப்பதை எடுத்து, இது வேறு எதற்காவது உதவுமா என்று பார்ப்பது எங்களால் முடிந்த காரியம். உதவினால் ஏழைபாழைகளும் வாங்கித் தின்ன முடியும். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து, உன்னைப் பெற்று, அப்பாவின் கட்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நான், முப்பத்தாறு வயதில் பிஹெச்.டி.க்குப் பதிவு செய்தேன். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் டாக்டர் போட்டுக்கொண்டு எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஆசை, ஆத்திரம் எல்லாம் இருந்தது.

முதலில் செய்த சோதனை எளிது. எலியின் பின்னங்காலில் கடற்பாசிச் சத்து ஊசி போட்டால் மூன்று மணி நேரத்தில் பாதம் பன் மாதிரி வீங்கும். கணுக்காலில் மையால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை பாதரசத்தில் முக்கி, பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் வீக்கத்தின் அளவு தெரியும். பூச்சி மருந்து கொடுத்த எலிகளுக்கு வீக்கம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் என் கைடு குதித்தார். அடுத்தது பெரிய சோதனை. செத்த காசநோய்க் கிருமியை எண்ணெயில் கலந்து ஊசி போட்டால், இரண்டு வாரத்தில் எலிக்கு மனுஷ முடக்குவாதம் மாதிரியே எல்லா மூட்டும் வீங்கும். வீங்கியவற்றைப் பிரித்து ஆறு ஆறாகக் கூண்டில் போட்டு மருந்து கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். எல்லா எலிக்கும் நோய் பிடிப்பதில்லை. சிலவற்றுக்கு ஊசி போட்ட காலைத் தவிர வேறெங்கும் வீங்காது. அவற்றை உபரிக் கூண்டில் தள்ளிவிடுவோம். இந்த உபரிக் கூண்டை நீ நினைவில் வைத்துக்கொள்.

கூண்டில் இருக்கிற ஆறையும் அடையாளம் காண, பிக்ரிக் அமிலத்தைத் தொட்டு மஞ்சளாகப் பூசுவோம். ஒன்றுக்குத் தலை, ஒன்றுக்கு முதுகு, ஒன்றுக்கு வால், ஒன்றுக்குத் தலையும் முதுகும், ஒன்றுக்கு முதுகும் வாலும், கடைசிக்கு ஒன்றும் கிடையாது. பெயர் மாதிரிதான். எலிகளைப் பார்த்துக்கொண்டவர் தத்தா காக்கா. கைடு அந்தப் பக்கம் வரவே மாட்டார். நாற்றம் தாங்காது என்று வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "சப் டீக் ஹை நா?", எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். மருந்து கொடுக்க ஆரம்பித்த ஆறாம் நாள் காலையில் நான் போனபோது தத்தா காக்கா, "மேடம், ஷேப்டி கேலீ" என்றார். வால் போய்விட்டது, அதாவது வாலில் மஞ்சள் பூசிய எலி செத்துவிட்டது. சொல்லிவிட்டு உடனே சிரித்தார். "டென்ஷன் நகோ. தூஸ்ரீ டேவ்லீ." கவலை வேண்டாம், வேறு ஒன்றை வைத்தாகிவிட்டது. கூண்டில் எட்டிப் பார்த்தால் மஞ்சள் வாலோடு ஆறாவது எலி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

உபரிக் கூண்டிலிருந்து எடுத்து வாலில் பூசியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அங்கே அது வழக்கம். சீனியர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறார். ஆறு ஆறாகவே இருக்க வேண்டும், ஐந்தானால் தேர்வாளர் கேள்வி கேட்பார், மேடம் அழுவார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியுமே. உபரிக் கூண்டு எலிக்கு நோயே பிடிக்கவில்லை. நோயால் வீங்கி, மருந்து தின்று செத்த எலியின் இடத்தில், வீங்காத எலியைக் கொண்டுவந்து வைத்தால், மறுநாள் ஊசி போடாத காலைப் பாதரசத்தில் முக்கும்போது என்ன காட்டும்? மருந்து குணப்படுத்திவிட்டது என்று காட்டும். செத்ததும் மறைந்தது, குணமானதும் கிடைத்தது. முதல் தடவை நான் தத்தா காக்காவைத் திட்டினேன். திட்டிவிட்டு அந்த எலியை எடுக்காமல் அப்படியே விட்டேன். ஒன்பதாம் நாள் தலை செத்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அவர் மாற்றி வைத்தார். பதினோராம் நாள் முதுகு செத்தபோது அவர் லீவு. நானே உபரிக் கூண்டைத் திறந்து, நானே பிரஷ்ஷைத் தொட்டு முதுகில் பூசினேன். நகத்தில் மஞ்சள் ஒட்டியது ஒரு வாரம் போகவில்லை. என்ன அம்மா மஞ்சள் என்று நீ கேட்டாய், சமையல் மஞ்சள் என்றேன்.

செத்த மூன்றையும் அறுத்துப் பார்த்தேன். வயிறு நிறையக் கறுப்பு ரத்தம். குடல் சுவரில் ஓட்டை ஓட்டையாகப் புண். அதைக் கட்டுரையில் எழுதவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதினேன். கைடு மராத்திக்காரர், தேர்வாளர் குஜராத்தி, அந்தக் கட்டடத்திலேயே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "வால் செத்தது. வயிறு கறுப்பு. மாற்றியாயிற்று." பயந்தவள் செய்கிற வேலை. உண்மையை எழுதிவிட்டேன் என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம், யாரும் படித்துவிடவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் அதைப் படித்தாள். அவள் அதன் மேல் காகிதப் பட்டையை வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். மீதிப் பாதியை நீ வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ இதைச் சொல்லிக்காட்டுவதற்கு முன்னால். நீ ஆறாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய முப்பத்திரண்டை எண்பத்திரண்டாக்கிக் கொண்டுவந்தாய். மூன்றை எட்டாக வளைப்பது சுலபம். நான் கண்டுபிடித்து உன்னை அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது. அப்பா வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. "மார்க் குறைஞ்சா குறையட்டும், திருட்டுப் புத்தி எங்கட்டி படிச்சே?" என்று கத்தினேன். அது அந்த மூன்று எலிகளின் மாசம். என் நகத்தில் மஞ்சள் இருந்த கையால்தான் அடித்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் அதைக் காட்டி நீ தப்பிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. நான் செய்ததால் நான்தான் அதிகமாகச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இதோடு நின்றிருந்தால் ஒருவேளை கோழைத்தனமாக நானும் அடங்கியிருப்பேன். உன்னைக் கெஞ்சியிருப்பேன், நீ தட்டிக்கழித்திருப்பாய், மாசம் ஓடியிருக்கும். வியாழக்கிழமை சுமன் மாவ்ஷி ஒரு காகிதக் கட்டோடு வந்தாள். நீ ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பாணேருக்கு வீடு மாறியபோது, தூரமானாலும் பரவாயில்லை என்று கூடவே வந்தவள். எனக்குக் காய்ச்சல் என்றால் உனக்குத் தலை பின்னிவிட்டவள். ஐந்து வருஷமாக அவள் விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்துகொண்டே வருகின்றன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மூட முடியாது. குக்கர் மூடியை இப்போதெல்லாம் நான்தான் தேய்க்கிறேன், அவளால் பிடிக்க முடிவதில்லை. அவள் மராத்தியில்தான் பேசுவாள், நான் தமிழில் எழுதுகிறேன்; என்னை வஹினி என்றும் உன்னைத் தீதி என்றும் கூப்பிடுவதை மட்டும் அப்படியே விடுகிறேன். "வஹினி, தீதி பெரிய ஆஸ்பத்திரியில என் பேரைச் சேர்த்து விட்டுட்டா. புது மருந்தாம். திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இதுல கையெழுத்து வேணுமாம், நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

உட்காரவைத்துப் படித்தேன். மராத்தியில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், பாமரருக்கும் புரிகிற மாதிரி. நீதான் எழுதினாயோ என்னவோ. மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. விலங்குகளிடம் நடந்த ஆய்வில் இந்த மருந்தால் எந்த மரணமும் ஏற்படவில்லை. என் ஆய்வுதான் அது. என் வாயாலேயே அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். படித்த பிறகு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கண்ணாடி சரியில்லை, நாளைக்குப் படிக்கிறேன் என்று மடித்து வைத்தேன். அவள் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். மகளே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று முதலில் நினைத்தேன். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டேன். வேறு யாரோ ஒருத்தி என்றால் பரவாயில்லையா? நீ கெட்ட எண்ணத்தில் சேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். மாவ்ஷிக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பாய். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்த பிறகும் அப்படி நினைக்க முடிந்ததே, அதுதான் என்னைக் கொல்கிறது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலி, மஞ்சள், ஓரம், பட்டை, எல்லாம். இத்தனை வருஷம் அவருக்கும் தெரியாது. பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "புள்ள வேலைக்குப் போயி ரெண்டு வருசங்கூட ஆவல. நீ இதக் கெளப்பி விட்டா அவள வேற எவனும் சேப்பானா? ஒன் பட்டமும் போவும். மாவ்ஷிய மட்டும் போவாதன்னு சொல்லிரு. மத்தத விட்டுத் தொலை" என்றார். உன் மேல் இருக்கிற பாசத்தில் சொன்னார். நானும் ஒரு நிமிஷம் அந்த யோசனையில் சாய்ந்தேன். மாவ்ஷி ஒருத்தியை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் வேறு ஒரு பெயரை எழுதிக்கொள்வார்கள். பட்டியலில் எண்ணிக்கை குறையாது. ஆறு ஆறாகவே இருந்த கூண்டு மாதிரிதான். "அது மட்டும் முடியாது" என்றேன். அவர் எழுந்து வாக்கிங் போய்விட்டார். அன்றிலிருந்து அதிகம் பேசுவதில்லை. ஆனால் நேற்று நான் கிளம்பும்போது ஆட்டோ பிடித்துக் கொடுத்தது அவர்தான்.

நேற்று, வெள்ளிக்கிழமை, அந்த ஆஸ்பத்திரியின் எத்திக்ஸ் கமிட்டிச் செயலாளரைப் பார்த்தேன். இந்தச் சோதனைக்கு அனுமதி கொடுத்த குழு. இளவயது டாக்டர், மரியாதையாகத்தான் நடத்தினார், டீ வரவழைத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் டீ ஆறிப்போனது. எழுதிக் கொடுக்கச் சொன்னார், அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என் கட்டுரையைத் திரும்பப் பெறும்படி பத்திரிகைக்கும், நடந்ததைச் சொல்லிக் கல்லூரிக்கும் எழுதிய கடிதங்களின் பிரதிகளையும் இணைத்தேன். பட்டத்தைப் பறித்தால் பறிக்கட்டும். படித்துவிட்டு அவர், "மேடம், அந்த நோட்டு எங்கே?" என்றார். என்ன சொல்வேன்? என் மகளின் வாகட் வீட்டில் இருக்கிறது என்றேன். குழுத் தலைவர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமை மதியம்தான் வருவார். வெறும் வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு கம்பெனியோடு மோத முடியாது, நோட்டு இருந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவேன் என்றார். முதல் மாத்திரைகள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. நீ சேர்த்த பன்னிரண்டு பேர். அந்த நோட்டு உன் கையில் இருக்கிறது. நான் கேட்பது அந்த ஒன்றுதான்: பத்து மணிக்கு முன்னால் அதை நீயே கொண்டுவந்து அவர் மேஜையில் வை. கூரியரில் அனுப்பாதே, யாரிடமும் கொடுத்து விடாதே. வேலை போகும். போகத்தான் செய்யும் என்று தோன்றுகிறது, உன்னை ஏமாற்ற மாட்டேன். போனால் வீட்டுக்கு வா. சோறு போடுகிறேன், திட்டிக்கொண்டே போடுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பாய். இல்லைதான். ஆனாலும் ஒன்று சொல்லாமல் விடமாட்டேன். எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் சரி, செத்ததைச் செத்தது என்று எழுதாத இடத்தில் நிற்காதே. நான் நின்றேன். அதற்குப் பிறகு வகுப்பில் என்னை "டாக்டர்" என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசியது. அந்தக் கூச்சத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் எரிந்து எரிந்து விழுந்தேன், உங்கள் இரண்டு பேர் மேலும்தான் விழுந்தேன். நம் வீட்டில் எப்போதும் ஒரு சண்டை இருந்துகொண்டே இருக்குமே, ஏன் என்று நீ ஒரு தடவை கேட்டாய். இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மாவ்ஷியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எலிகளை அவளுக்குப் புரியவைக்க நேரமாகவில்லை, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்பட்டாள். "பயமா இருந்தா வேற மருந்து குடுங்க வஹினி. வேண்டாம்னு சொல்றது உங்களுக்கு லேசு. நாளைக்கு இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எத்தனை வீடு தேய்க்கிறது?" என்றாள். வேறொரு நல்ல டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். அவளுக்கும் அது பதிலாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். "வயித்துல ரத்தம் கட்டிச் செத்துச்சுன்னு தீதிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

நான் தெரியாது என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கில் தானாக வந்துவிட்டது. அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதானே, நம்ம தீதி அப்படிச் செய்ய மாட்டா" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை போய் தீதியையே கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். அவள் ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் இருப்பேன். நான் சொன்ன பொய்யை நான்தான் திருத்த வேண்டும், அதை அவளுக்கு அங்கே வைத்துச் சொல்லப் போகிறேன். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தாயானால், நான் சொல்வதற்கு முன்னால் நீயே அவளிடம் சொல்லிவிடலாம்.

அம்மா